பில்பாவோவின் லா ரிபேரா சந்தை: போவதற்கு முன் எழும் கேள்விகளும் பதில்களும்

ஸ்பெயினின் வடபகுதியில், பாஸ்க் நாடு என்ற தன்னாட்சிப் பகுதியின் பெரிய நகரமான பில்பாவோவுக்குப் போகிறவர்களில் பெரும்பாலோர் குகன்ஹைம் அருங்காட்சியகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். அதே ஆற்றங்கரையில் கொஞ்ச தூரம் நடந்தால், அந்த ஊர் என்ன சாப்பிடுகிறது, எப்படி வாழ்கிறது என்று காட்டும் இடம் ஒன்று இருக்கிறது. போக நினைப்பவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன்.

இந்தச் சந்தை எங்கே இருக்கிறது?

பழைய நகரமான காஸ்கோ வியெஹோவின் ஓரத்தில், நெர்வியோன் ஆற்றை ஒட்டி. ஸ்பானிய மொழியில் மெர்காதோ தே லா ரிபேரா, பாஸ்க் மொழியில் எரிபெராகோ மெர்காட்டுவா. இரண்டுக்கும் ஆற்றங்கரைச் சந்தை என்றுதான் பொருள். பக்கத்திலேயே சான் அன்டோன் தேவாலயமும் சான் அன்டோன் பாலமும் நிற்கின்றன. பில்பாவோவின் நகரச் சின்னத்தில் இருப்பது இந்தப் பாலமும் தேவாலயமும்தான். ஊரின் அத்லெடிக் கால்பந்து அணியின் சின்னத்திலும் இதையே பார்க்கலாம். ஊர் தன் முகமாக வைத்துக்கொண்ட இடத்திலேயே சந்தையும் இருக்கிறது.

ஏன் அந்த இடத்தில்?

ஆறுதான் காரணம். பில்பாவோ 1300ஆம் ஆண்டு ஊராக அறிவிக்கப்பட்டது. ஆற்றங்கரையில் ஏழு தெருக்கள் உருவாயின. இன்றும் அந்தப் பகுதியை 'சஸ்பி காலேயாக்', அதாவது ஏழு தெரு என்றே அழைக்கிறார்கள். அவற்றில் ஒன்றின் பெயர் பழைய இறைச்சிக்கடைத் தெரு. தெருக்கள் வந்து சேரும் ஆற்றோரத் திடலில் சந்தை கூடியது. கடலின் ஏற்ற இறக்கம் இதுவரை வருவதால் சரக்குப் படகுகள் கரை வரைக்கும் வந்தன. பாலத்தில் நின்று பார்த்தால் ஒரு நேரம் ஒரு மட்டத்திலும் சில மணி கழித்து வேறு மட்டத்திலும் தண்ணீர் இருப்பது தெரியும்.

படகில் வராத மீன் பெண்களின் தலையில் வந்தது. கடலோரச் சான்டுர்ட்சியிலிருந்து மத்தி மீன் கூடையைச் சுமந்துகொண்டு, ஆற்றோரமாகவே பத்துக் கிலோமீட்டருக்கு மேல் நடந்து வந்து கூவி விற்றிருக்கிறார்கள். இந்தச் சந்தையின் கதையை அந்தப் பெண்களை விட்டுவிட்டுச் சொல்ல எனக்கு மனம் வராது.

கட்டடத்தில் கவனிக்க என்ன இருக்கிறது?

இப்போது நாம் பார்க்கும் வடிவம் 1929ஆம் ஆண்டுக்குரியது. வடிவமைத்தவர் பெத்ரோ இஸ்பிசுவா. பழைய நகரின் இன்னொரு ஓரத்தில், அரேனால் பூங்காவில் இருக்கும் இசை மேடையும் அவர் வேலைதான். இரண்டையும் ஒரே நாளில் பார்த்தால் ஒரே கை தெரியும்.

உள்ளே நுழைந்ததும் பலர் மீனைத்தான் பார்ப்பார்கள். ஒரு நிமிடம் மேலே பாருங்கள். வண்ணக் கண்ணாடி ஓவியங்கள் வழியாக வெளிச்சம் இறங்கும். இடத்தை மறைக்கும் தூண்களைத் தவிர்த்து, ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை கண் போகும்படி கான்கிரீட்டில் கட்டியது அந்தக் காலத்துக்குப் புதுமை. சுவர்களில் உள்ள சல்லடை போன்ற பின்னல்களை வெறும் அலங்காரம் என்று நினைத்துவிட வேண்டாம். மீனும் இறைச்சியும் விற்கும் இடத்துக்குக் காற்றோட்டம் உயிர்நாடி. ஆற்றுக் காற்று உள்ளே வந்து போக அவை வழிவிட்டன. எதிர்க்கரையிலிருந்து பார்த்தால் கட்டடம் முழுவதும், கரையில் கட்டி நிறுத்திய நீளமான கப்பல் போலத் தெரியும். அங்கே போய் ஒரு முறை பார்த்துவிட்டு உள்ளே வருவது நல்லது.

1990ல் இது பெரிய உணவுச் சந்தை என்று கின்னஸ் பதிவிலும் இடம்பெற்றது. பரப்பு சுமார் 10,000 சதுர மீட்டர். அப்புறம் 2010ஐ ஒட்டிய ஆண்டுகளில் பெரிய அளவில் புதுப்பித்தார்கள். அதற்குப் பிறகு கடைகளின் எண்ணிக்கை முன்பைவிடக் குறைவு. ஆகவே 'உலகிலேயே பெரியது' என்ற எதிர்பார்ப்போடு போகாதீர்கள். பெரியது என்பதற்காகப் போக வேண்டிய இடமும் அல்ல இது.

1983 வெள்ளத்தைப் பற்றி எல்லோரும் சொல்கிறார்களே, என்ன நடந்தது?

1983 ஆகஸ்ட் 26. ஊரின் பெரிய திருவிழாவான அஸ்தே நகுசியா நடந்துகொண்டிருந்த வாரம். கொட்டித் தீர்த்த மழையில் ஆறு கரையை உடைத்துக்கொண்டு பழைய நகருக்குள் புகுந்தது. சில இடங்களில் தண்ணீர் மூன்று மீட்டருக்கும் மேல் நின்றது. பாஸ்க் நாட்டில் முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் உயிரிழந்தார்கள். ஆற்றை ஒட்டி நிற்கும் சந்தை எப்படித் தப்பும்? சேறும் குப்பையும் நிறைந்து சிதைந்தது. காஸ்கோ வியெஹோவின் தெருக்களில் நடக்கும்போது, தண்ணீர் எதுவரை வந்தது என்று குறிக்கும் பலகைகள் சுவரில் உங்கள் தலைக்கு மேலே இருக்கும். அவற்றைப் பார்த்த பிறகு சந்தைக்குள் நுழைந்தால், அங்கே வியாபாரம் மறுபடி நடக்கிறது என்பதே பெரிய விஷயமாகத் தோன்றும்.

எந்த நாள், எந்த நேரம் போகலாம்?

காலை. ஒன்பதிலிருந்து பன்னிரண்டுக்குள். செவ்வாய் முதல் சனி வரை எந்த நாளும் சரி, ஆனால் வெள்ளியும் சனியும் கூட்டமும் சரக்கும் அதிகம். பிற்பகலில் பல கடைகள் மூடிவிடும். மாலையில் திறந்தாலும் மீன் பகுதியில் காலையின் களை இருக்காது. படகுகள் பொதுவாக ஞாயிறன்று கடலுக்குப் போவதில்லை, ஆகவே திங்களன்று மீன் வாங்க உள்ளூர்க்காரர்களே யோசிப்பார்கள். ஞாயிறன்று கடைகள் கிடையாது. திருவிழா நாட்களில் நேரம் மாறும், முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள்.

எப்படிப் போவது?

டிராமில் 'ரிபேரா' நிறுத்தத்தில் இறங்கினால் சந்தை எதிரிலேயே. மெட்ரோ என்றால் காஸ்கோ வியெஹோ நிலையத்திலிருந்து சில நிமிட நடை. அபாந்தோ ரயில் நிலையத்திலிருந்தும் நடந்தே வரலாம். குகன்ஹைமிலிருந்து ஆற்றோரமாக நடந்து வருவதுதான் எனக்குப் பிடித்த வழி.

வரிசையே தெரியவில்லையே, எப்படி வாங்குவது?

ஸ்பெயினின் சந்தைகளில் ஆட்கள் வரிசையாக நிற்பதில்லை, அங்கங்கே நிற்பார்கள். ஆனால் வரிசை இருக்கிறது, அது அவர்கள் மனதில் இருக்கிறது. கடைக்குப் போனதும் "கியென் எஸ் லா ஊல்திமா?" என்று கேட்க வேண்டும். கடைசியாக வந்தவர் யார் என்று பொருள். யாரோ ஒருவர் கையைத் தூக்குவார். அவருக்குப் பிறகு நீங்கள். உங்களுக்குப் பின் வருபவர் கேட்டால் நீங்கள் கையைத் தூக்க வேண்டும். இந்த ஒரு வாக்கியத்தைக் கற்றுக்கொண்டால் போதும், வேடிக்கை பார்க்க வந்தவர் என்ற நிலையிலிருந்து வாங்க வந்தவர் ஆகிவிடுவீர்கள்.

பழத்தையும் மீனையும் கையால் தொட்டு அழுத்திப் பார்க்கக் கூடாது. விரலால் காட்டினால் அவர்களே எடுத்துத் தருவார்கள். பழக்கடையில் "இன்றைக்கா, நாளைக்கா?" என்று கேட்பார்கள். நீங்கள் சொல்லும் நாளுக்கு ஏற்ற பக்குவத்தில் பொறுக்கித் தருவார்கள். பேரம் பேசும் பழக்கம் இல்லை. படம் எடுப்பதற்கு முன் கேளுங்கள். ஏதாவது வாங்கிவிட்டுக் கேட்டால் இன்னும் நல்லது. நான்கு பேரிக்காய் வாங்கினாலும் போதும்.

மீன் பகுதியில் எதைப் பார்க்க வேண்டும்?

மீன் கடைகள் கீழ்த்தளத்தில். எந்த மாதம் போகிறீர்கள் என்பதைப் பொறுத்துத்தான் பதில்.

வசந்த காலத்தில், மார்ச்சிலிருந்து ஜூன் வரை, நெத்திலி குடும்பத்தைச் சேர்ந்த அன்ச்சோவா. நம் நெத்திலியைவிடப் பெரியது, முதுகு நீலம், வயிறு வெள்ளி. பிஸ்கே விரிகுடாவில் இதன் எண்ணிக்கை படுமோசமாகச் சரிந்ததால் 2005ல் பிடிப்பதையே நிறுத்தினார்கள். 2010ல்தான் மறுபடி அனுமதித்தார்கள். ஐந்து வருடம் கரையோர ஊர்கள் காத்திருந்து மீட்ட மீன் அது. பனிக்கட்டி மேல் அடுக்கியிருப்பதைப் பார்க்கும்போது அந்தக் காத்திருப்பை நினைத்துக்கொள்வேன்.

கோடையில் 'போனிதோ தெல் நோர்தே', சூரை இனத்தில் வெளிர்ச் சதை கொண்டது. பாஸ்க் படகுகள் இதைத் தூண்டில் போட்டு ஒவ்வொன்றாகப் பிடிக்கின்றன. அதே பருவத்தில் சின்னக் கணவாய்களும் வரும். அவற்றை அவற்றின் மையிலேயே சமைப்பார்கள். தட்டு முழுக்கக் கன்னங்கரேல் என்று இருக்கும். சாப்பிடத் தயங்க வேண்டாம், கறுப்பு மிகவும் மென்மையான சுவை.

ஆண்டு முழுவதும் இருப்பது மெர்லூசா. நீளமான, வெள்ளைச் சதை மீன். இதன் தாடைக்குக் கீழே இருக்கும் சிறு சதைத் துண்டுக்குக் 'கொகோச்சா' என்று பெயர். ஒரு மீனுக்கு ஒன்றுதான் என்பதால் விலை அதிகம். பாஸ்க்காரர்கள் இதைப் பெரிய விருந்துப் பண்டமாக மதிக்கிறார்கள். வாயில் வைத்தால் வழுவழுவென்று இருக்கும். மீன் தலையை விரும்பிச் சாப்பிடுகிறவர்களுக்கு இதன் அருமையை நான் விளக்க வேண்டியதில்லை. தலையே வேண்டும் என்றால் 'கபேசா' என்று கேளுங்கள், சூப்புக்கென்று தனியாகவும் கிடைக்கும்.

குளிர்காலத்தில் 'அங்குலா' என்ற, நூல் போன்ற விலாங்குக் குஞ்சுகளைக் காணலாம். கிலோ நூற்றுக்கணக்கான யூரோ. ஐரோப்பிய விலாங்கு அழிவின் விளிம்பில் இருக்கும் உயிரினம். பார்த்துவிட்டு நகர்ந்துவிடுங்கள் என்பதே என் வேண்டுகோள்.

உப்பு மீன் மட்டும் விற்கும் கடைகள் எதற்கு?

அது பக்கலாவோ, உப்பிட்டு உலர்த்திய காட் மீன். இந்த மீன் பில்பாவோ கடலில் கிடைப்பதில்லை. வட அட்லாண்டிக்கின் குளிர்ந்த நீரில் பிடித்து, உப்புக்குள் வைத்துக் கப்பலில் கொண்டுவந்தார்கள். ஆனாலும் ஊரின் அடையாளச் சமையல் இரண்டும் இதில்தான்.

ஒன்று பில்-பில். உப்பு மீனை ஒன்றரை, இரண்டு நாள் குளிர்ந்த தண்ணீரில் ஊறவைத்து, பல முறை தண்ணீர் மாற்றி உப்பை வெளியேற்ற வேண்டும். அப்புறம் மண்சட்டியில் ஆலிவ் எண்ணெய், பூண்டு, கொஞ்சம் காய்ந்த மிளகாய். பூண்டு சிவந்ததும் எடுத்துவிட்டு, மீனை மிதமான சூட்டில் வைத்து, சட்டியை இரண்டு கையாலும் பிடித்து வட்டமாக ஆட்டிக்கொண்டே இருப்பார்கள். மீன் தோலிலிருந்து வரும் பசை எண்ணெயோடு கலந்து, மாவோ முட்டையோ இல்லாமலே கெட்டியான வெளிர்மஞ்சள் குழம்பாக மாறும். அவசரப்பட்டால் எண்ணெய் பிரிந்துவிடும். பொறுமைக்குக் கிடைக்கும் சுவை அது.

இன்னொன்று, பில்பாவோ இருக்கும் பிஸ்கயா மாகாணத்து முறைச் சிவப்புக் குழம்பு. நிறத்தைப் பார்த்துக் காரம் என்று நினைப்போம். இல்லை. அதில் சேர்வது 'சோரிசேரோ' என்ற காரமில்லாத காய்ந்த மிளகாய். ஊறவைத்து, உள்ளே இருக்கும் சதையைக் கரண்டியால் வழித்தெடுத்து வெங்காயத்தோடு வதக்குவார்கள். சந்தையில் கயிற்றில் கோத்து மாலை மாலையாகத் தொங்கும். அமெரிக்கக் கண்டத்திலிருந்து கப்பலேறிய அதே செடிதான் இங்கே இப்படியும், நம் ஊரில் குண்டு மிளகாயாகவும் ஆனது.

உப்பு மீன் கடைகளில் ஊறவைத்துத் தயாராக இருக்கும் துண்டுகளும் உண்டு. இரண்டே நாள் தங்குகிறவர்கள் அதை வாங்கலாம்.

சைவம் சாப்பிடுகிறவர்கள் போகலாமா?

தாராளமாக. காய்கறிப் பகுதியில் பண்ணைக்காரர்கள் விளைவித்ததைத் தேடுங்கள். பாஸ்க் பண்ணை வீட்டுக்குப் 'பசெரி' என்று பெயர். வசந்தத்தில் கண்ணீர்த்துளி அளவுக்குச் சின்னப் பச்சைப் பட்டாணியும், பெரெச்சிகு என்ற வெளிர் நிறக் காளானும் வரும். கோடையில் கெர்னிகா மிளகாய். பச்சையாக, விரல் நீளத்தில், காரமில்லாதது. எண்ணெயில் பொரித்துக் கல்லுப்பு தூவினால் ஒரு தட்டு போதாது. இலையுதிர் காலத்தில் பெரிய காட்டுக் காளான்களும் புதுப் பயறும். தொலோசா ஊரின் கறுப்புப் பயறு ராஜ்மா குடும்பத்தைச் சேர்ந்தது. வேகும்போது கறுப்பு நிறம் கரைந்து, சாக்லேட் நிறத்தில் கெட்டியாகத் திரளும்.

கவனம் தேவைப்படுவது சமைத்த உணவில்தான். பயறுக் குழம்பில் பன்றிக் கொத்திறைச்சி இருக்கும். காளானிலும் கூனைப்பூவிலும் ஹமோன் என்ற பன்றித் தொடை இறைச்சியைச் சின்னதாக வெட்டிப் போட்டிருப்பார்கள். 'வெஜிடேரியானோ' என்று மட்டும் சொன்னால் போதாது. "சின் கார்னே, சின் ஹமோன், சின் பெஸ்காதோ" என்று, இறைச்சி வேண்டாம், ஹமோன் வேண்டாம், மீன் வேண்டாம் என மூன்றையும் தனித்தனியாகச் சொல்லுங்கள். முட்டை சாப்பிடுவீர்கள் என்றால் உருளைக்கிழங்குத் தோர்தியா என்ற ஆம்லெட் எங்கும் கிடைக்கும்.

சீஸ் எது வாங்கலாம்?

இதியாசாபல். லாச்சா, கர்ரான்சானா என்ற உள்ளூர்ச் செம்மறியாட்டினங்களின் காய்ச்சாத பாலில் செய்வது. குறைந்தது 60 நாள் பழுக்க வைப்பார்கள். சிலவற்றைப் புகையிட்டிருப்பார்கள். ஒரு காலத்தில் இடையர்கள் தங்கள் குடிசையில் அடுப்புக்கு மேலே வைத்ததால் தானாக ஏறிய புகை அது. எனக்குப் புகையிடாததே பிடிக்கும், ஆட்டுப்பாலின் சுவை அதில் நேராக வரும். சைவக்காரர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது: இதை உறைய வைக்க ஆட்டுக்குட்டியின் வயிற்றிலிருந்து எடுக்கும் உறையைச் சேர்ப்பது வழக்கம்.

சமையலறையோடு வீடு எடுத்திருக்கிறோம். எதைச் சமைத்துப் பார்க்கலாம்?

கோடை என்றால் மர்மிதாகோ. போனிதோ மீன் பிடிக்கப் போனவர்கள் படகிலேயே சமைத்த குழம்பு. வெங்காயம், குடைமிளகாய், பூண்டு வதக்கி, சோரிசேரோச் சதை சேர்த்து, உருளைக்கிழங்கைப் போட வேண்டும். கிழங்கை முழுதாக வெட்டக் கூடாது. கத்தியைப் பாதி செருகிவிட்டு, மீதியை நெம்பி உடைக்க வேண்டும். உடைந்த பக்கத்திலிருந்து மாவுச்சத்து இறங்கிக் குழம்பு தானாகக் கெட்டிப்படும். கிழங்கு வெந்ததும் மீன் துண்டுகளைப் போட்டு உடனே அடுப்பை அணைத்து மூடிவிட வேண்டும். இருக்கும் சூட்டிலேயே மீன் வெந்துவிடும். அடுப்பில் கொதிக்க விட்டால் சக்கை. மீன்கடையில் "மர்மிதாகோவுக்கு" என்று சொன்னாலே சரியான அளவில் வெட்டித் தருவார்கள்.

உள்ளேயே சாப்பிட இடம் உண்டா?

உண்டு. புதுப்பித்த பிறகு கட்டடத்தின் ஒரு பகுதியில் பின்ச்சோ கடைகள் வந்துவிட்டன. ரொட்டித் துண்டின் மேல் மீனோ காளானோ சீஸோ வைத்துத் தரும் சிறு உணவு அது. ஆற்றைப் பார்த்தபடி உட்காரலாம், உள்ளூர் வெள்ளை ஒயினான சக்கோலியும் கிடைக்கும். நன்றாகத்தான் இருக்கும். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். பலர் அந்தப் பக்கத்தில் மட்டும் நுழைந்து, சாப்பிட்டு, படம் எடுத்துவிட்டு, சந்தையைப் பார்த்ததாக நினைத்துத் திரும்புகிறார்கள். பின்ச்சோ இந்த ஊரில் தெருவுக்குத் தெரு கிடைக்கும். மீன்காரம்மாவும் காய்கறிக்காரரும் இங்கேதான் இருக்கிறார்கள், அவர்களிடம் வாங்குகிறவர்கள் குறைந்தால் கடை மூடிவிடும். முதலில் கடைகள், அப்புறம் சாப்பாடு.

எந்த மொழி பேச வேண்டும்?

ஸ்பானியம் எல்லோருக்கும் தெரியும். ஆனால் "எகுன் ஒன்" என்று காலை வணக்கமும், "எஸ்கெர்ரிக் அஸ்கோ" என்று நன்றியும், "அகூர்" என்று விடையும் பாஸ்க் மொழியில் சொன்னால் முகம் மலரும். ஸ்பெயினின் சர்வாதிகாரி பிராங்கோவின் ஆட்சியில் பல பத்தாண்டுகள் ஒடுக்கப்பட்ட மொழி அது.

உலகின் வேறெந்த மொழியோடும் அதற்கு உறவு நிறுவப்படவில்லை, தமிழோடும்தான். ஆனால் தமிழர்களுக்கு அதன் கட்டமைப்பு பழகியதாகத் தோன்றும். மெர்காட்டு என்றால் சந்தை, மெர்காட்டுவன் என்றால் சந்தையில், மெர்காட்டுதிக் என்றால் சந்தையிலிருந்து. வேற்றுமை உருபு சொல்லின் பின்னால் ஒட்டிக்கொள்கிறது. பலகைகளைப் படிக்கும்போது இதைக் கவனித்தால் நேரம் போவதே தெரியாது.

ஊருக்கு எடுத்துப்போக என்ன வாங்கலாம்?

காய்ந்த சோரிசேரோ, கறுப்புப் பயறு, இபார்ரா ஊரின் ஊறுகாய்ப் பச்சை மிளகாய், டின்னில் அடைத்த போனிதோ. சீஸைக் காற்று நீக்கிப் பொதிந்து தரச் சொல்ல "அல் வாசியோ" என்று கேளுங்கள். உப்பில் பதப்படுத்திய அன்ச்சோவா டின்னை மட்டும் குளிர்ச்சியில் வைத்திருக்க வேண்டும், சாதாரண டின் போல வெளியில் விட்டால் கெட்டுவிடும். உணவுப் பொருள் கொண்டுபோக உங்கள் நாட்டில் என்ன விதி என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஞாயிறன்று மட்டும்தான் நேரம் இருக்கிறது, அல்லது இன்னொரு சந்தையும் பார்க்க ஆசை. என்ன செய்யலாம்?

ஞாயிறு காலையில் பக்கத்திலேயே பிளாசா நுவேவா சதுக்கத்தில் பழைய புத்தகம், நாணயம் விற்பவர்கள் கூடுவார்கள். அது உணவுச் சந்தை இல்லை, ஆனால் ஊர் மக்கள் குடும்பத்தோடு வருவார்கள். டிசம்பர் 21ல் பில்பாவோவில் இருந்தால் சாந்தோ தோமாஸ் சந்தையைத் தவறவிடாதீர்கள். பண்ணைக்காரர்கள் சரக்கோடு நகருக்குள் வருவார்கள், 'தாலோ' என்ற மக்காச்சோள ரொட்டியைச் சுடச்சுடத் தட்டிப் போட்டுத் தருவார்கள்.

வாரச் சந்தைகளில், ஓர்திசியாவில் புதன்கிழமை கூடுவதற்கு 1512ஆம் ஆண்டின் அரச அனுமதி இருக்கிறது. தொலோசாவில் சனிக்கிழமை. என்னைக் கேட்டால் கெர்னிகாவுக்குத் திங்களன்று போங்கள், பில்பாவோவிலிருந்து ரயில் உண்டு. 1937 ஏப்ரல் 26ல் ஜெர்மானிய, இத்தாலிய விமானங்கள் அந்த ஊரின் மேல் குண்டு பொழிந்ததும் ஒரு திங்கட்கிழமைதான், சந்தை நாள். இன்றும் அங்கே திங்களன்றுதான் சந்தை. அக்டோபரின் கடைசித் திங்களன்று ஊரே நிரம்பி வழியும். அன்று போவதானால் காலை முதல் ரயிலைப் பிடியுங்கள்.